தேய்ந்த செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்: பாதக் கோளாறுகளுக்கும் காலணிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச் செருப்பு வாங்கப் போகிறவர்கள் பழைய செருப்பை உடனே தூக்கி எறிய வேண்டாம். அதைக் கவிழ்த்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருமுனையில் புங்கமர நிழலில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வார் அறுந்த செருப்பைக் கையில் வாங்கியதும், கூலியைச் சொல்வதற்கு முன்பே, வலது முழங்கால் வலிக்கிறதா என்று கேட்பார். வந்தவர் திகைத்துப் போவார். ஜோசியம் ஒன்றும் இல்லை. பல வருடங்களாகத் தேய்மானத்தையே பார்த்துப் பழகிய கண் அது.

கொஞ்சம் பொறுமை இருந்தால் அந்தக் கண் நமக்கும் வாய்க்கும். குதிகாலின் வெளி ஓரம் சற்றே தேய்ந்திருந்தால் அது இயல்பு; நடக்கும்போது பெரும்பாலோர் முதலில் ஊன்றுவது அந்த இடத்தில்தான். உள் ஓரம் தேய்ந்து, தரையில் வைத்ததும் செருப்பு உள்பக்கம் சாய்ந்து நின்றால், உங்கள் பாதம் உள்நோக்கி மடிகிறது என்று பொருள். இரண்டு செருப்பும் வெவ்வேறு விதமாகத் தேய்ந்திருந்தால் ஒரு காலுக்குப் பாரம் அதிகம் போகிறது. காரணம் முழங்காலிலோ இடுப்பிலோ இருக்கலாம். இப்போது மேல்பக்கத்தைப் பாருங்கள். விரல்களின் தடம் ஆழமாகக் குழிந்திருந்தால், செருப்பு கழன்று விழாமலிருக்க விரல்கள் நாள் முழுவதும் அதைக் கவ்விக்கொண்டே நடந்திருக்கின்றன. முன்பாதத்தில் ஓரிடம் மட்டும் பள்ளமாகியிருந்தால் கால் ஆணி அங்கேதான் முளைக்கும், அல்லது ஏற்கெனவே முளைத்திருக்கும்.

பாதத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அழுத்தத்தாலோ ஈரத்தாலோ வறட்சியாலோ வருகின்றன. களிம்பு பூசிச் சரிசெய்துவிட்டு அதே செருப்புக்குள் காலை நுழைத்தால், வந்தது மறுபடியும் வரும். ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும், இங்கே எது அழுத்துகிறது, எது நனைக்கிறது, எது காய வைக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதத்தை அளப்பது

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் பாதம் பதிப்போம் அல்லவா? அதையே உங்கள் காலுக்குச் செய்து பாருங்கள். உள்ளங்காலைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பழைய செய்தித்தாளின் மேல் ஊன்றி எடுங்கள். குதிகாலையும் முன்பாதத்தையும் இணைக்கும் பட்டை பாதி அகலத்துக்கு விழுந்தால் வளைவு சராசரி. முழுப் பாதமும் அப்படியே பதிந்தால் தட்டைப் பாதம். நடுப்பகுதி பதியாமல் குதிகாலும் முன்பாதமும் தனித்தனித் தீவுகளாக நின்றால் வளைவு அதிகம். அந்தப் பாதத்துக்கு அதிர்ச்சியைத் தாங்கும் சக்தி குறைவு என்பதால் மெத்தென்ற அடித்தளம் தேவைப்படும்.

அடுத்து, மாலை நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்றபடி, வேறொருவரைப் பென்சிலால் பாதத்தின் ஓரத்தை வரையச் சொல்லுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் செருப்புக்குத் தேவை. உட்கார்ந்து அளந்தால் நீளமும் அகலமும் குறைத்துக் காட்டும். இரண்டு காலையும் வரையுங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது, செருப்பு அந்தக் காலுக்குத்தான் பொருந்த வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். வயது ஏற ஏறத் தசைநார்கள் தளர்ந்து பாதம் நீளும், விரியும். கல்யாணத்தின்போது வாங்கிய அளவையே அறுபது வயதிலும் கடையில் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தாளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு செருப்பின் மேலும் வைத்துப் பாருங்கள். தாள் எங்கே வெளியே நீள்கிறதோ அங்கே உங்கள் கால் கடிபடுகிறது.

காலையில் முதல் அடி வைத்ததும் குத்தும் குதிகால்

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லின் நாண்போல ஒரு தடித்த நார்ப்பட்டை உள்ளங்காலில் ஓடுகிறது. நீண்ட நேரம் நிற்பது, திடீரென எடை கூடுவது, கெண்டைக்கால் தசை இறுகிப்போவது, வன்மையான தரையில் வெறுங்காலோடு நடப்பது ஆகியவற்றால் அது குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்துபோகிறது. இரவில் சுருங்கிக் கிடந்த பட்டை காலையில் முதல் அடியில் திடீரென இழுபடும்போது ஊசி குத்துவதுபோல் வலிக்கும். பத்து அடி நடந்ததும் குறையும். பிறகு மாலையில் மறுபடியும் தலைகாட்டும்.

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய வலி. கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்திருத்தமே கொண்டுவந்தது. இருக்கை போட்ட கடையிலும் உட்கார விடுகிறார்களா என்பது வேறு கதை.

எக்ஸ்ரே எடுத்தால் குதிகாலில் எலும்பு முள்போல் நீண்டிருப்பது தெரியலாம். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. முள்ளை வெட்டினால் வலி போய்விடும் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு.

செய்ய வேண்டியது இதுதான். படுக்கையை விட்டு இறங்கும் முன், வலிக்கும் காலை மறுகாலின் முழங்கால்மேல் போட்டுக்கொண்டு உட்காருங்கள். விரல்களைக் கையால் பிடித்து முன்னங்காலை நோக்கி மடக்குங்கள். உள்ளங்காலில் நாண் இறுகுவது மறுகையின் கட்டைவிரலுக்குத் தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. அதன் பிறகே தரையில் கால் வையுங்கள். பகலில் இரண்டு மூன்று வேளை, சுவரில் கையூன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்பக்கம் சாய்ந்து கெண்டைக்காலை 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள். மாலையில், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டுங்கள்.

இதைவிட முக்கியமானது வீட்டுக்குள் அணியும் செருப்பு. நம் வீடுகளில் செருப்பை வாசலில் விட்டுவிடும் வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் சாணம் மெழுகிய மண் தரை போய் டைல்ஸும் கிரானைட்டும் வந்துவிட்டன. சமையலறையில் மூன்று மணி நேரம் கருங்கல் மேல் வெறுங்காலோடு நிற்பதும் கடையில் நிற்பதும் குதிகாலுக்கு ஒன்றுதான். தெருவுக்கே எடுத்துச் செல்லாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முற்றிலும் தட்டையானதைவிடக் குதிகால் ஒன்றிரண்டு செ.மீ. உயர்ந்திருப்பது நாணுக்கு இளைப்பாறல் தரும். குணமாகச் சில மாதங்கள் பிடிக்கும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை இல்லாமலே சரியாகிவிடுகிறது. இரண்டே வாரத்தில் பொறுமை இழந்து ஊசி கேட்டுப் போகாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி சிலருக்குத் தேவைப்படலாம். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் நார்ப்பட்டை அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

பித்தவெடிப்பு

பெயரில்தான் பித்தம் இருக்கிறது. தோலின் வறட்சியும் உடலின் பாரமும் சேர்ந்து செய்யும் வேலை இது. குதிகாலில் பாரம் விழும்போது அடியிலுள்ள கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்கும். தோல் ஈரப்பசையோடு இருந்தால் இழுபட்டுக் கொடுக்கும். காய்ந்து தடித்திருந்தால் வயல் வெடிப்பதுபோல் வெடிக்கும். பின்பக்கம் திறந்த செருப்பு அணிபவர்களுக்கு இது அதிகம் வருவதற்குக் காரணம், பிதுங்கும் மெத்தையை அணைத்துப் பிடிக்க அங்கே எதுவும் இல்லாததுதான்.

இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை வையுங்கள். துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்ப்பது நம் பழக்கம். அதற்குப் பதிலாக நுரைக்கல்லால் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் எல்லாத் தோலையும் எடுத்துவிட வேண்டாம், பிளேடு கூடவே கூடாது. துடைத்த கையோடு, ஈரம் முழுக்க உலர்வதற்குள், யூரியா 10 முதல் 25 சதவீதம் கலந்த களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவிப் பருத்திக் காலுறை போட்டுத் தூங்குங்கள். மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிப் பூசும் பாட்டி வைத்தியமும் இதே தத்துவம்தான்: தோலில் இருக்கும் நீரை வெளியேற விடாமல் மூடி வைப்பது. பகலில் பின்வாரோ மூடிய குதிகாலோ உள்ள காலணி. மூன்று வாரம் விடாமல் செய்தும் பலன் இல்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கலாம், சோரியாசிஸாக இருக்கலாம், உள்ளங்கால் முழுக்கப் பொடிப்பொடியாக உதிரும் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கால் ஆணி

முள் தைத்து உள்ளே தங்கியதால்தான் ஆணி வந்தது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் முள் எதுவும் இருக்காது. ஒரே இடத்தில் ஓயாமல் அழுத்தம் விழுந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது; தடித்த தோல் கூம்பாக உள்நோக்கி இறங்கி, நடக்கும்போது ஆணியாகக் குத்துகிறது.

ஆணியா மருவா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலித்து, மேல்தோலைச் சுரண்டினால் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மரு. மரு வைரஸால் வருவது, அதற்கு வைத்தியம் வேறு.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். அது ஆணியையும் கரைக்கும், சற்று நகர்ந்து ஒட்டினால் பக்கத்து நல்ல தோலையும் கரைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் ஒட்டலாம். ஆனால் ஆணி மட்டும் போய் அழுத்தம் அங்கேயே இருந்தால் சில மாதங்களில் திரும்ப வரும். மூன்று முறை வெட்டிக்கொண்டும் நான்காம் முறை வந்து நின்ற உறவினர் ஒருவருக்குத் தீர்வாக அமைந்தது, முன்பாதத்தில் அகலமான, மெத்தென்ற அடித்தளம் கொண்ட ஒரு ஜோடிச் செருப்புதான். விரலின் மேல்முட்டியில் ஆணி வந்தால் ஷூவின் கூரை தாழ்வு. சுண்டுவிரல் ஓரத்தில் வந்தால் அகலம் போதவில்லை.

சேற்றுப்புண்

நடவு வயலில் நாள் முழுவதும் சேற்றில் நிற்பவர்களால் இந்தப் பெயர் வந்தது. இப்போது சேற்றையே பார்க்காதவர்களுக்கும் வருகிறது: மழைக்கால நனைந்த ஷூவுக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ரப்பர் பூட்ஸ் அணியும் துப்புரவுப் பணியாளர்களுக்கு, பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பவர்களுக்கு. விரலிடுக்கு, குறிப்பாக நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே, வெள்ளையாக ஊறி, உரிந்து, அரிக்கும்.

முதல் மருந்து துணி. கால் கழுவியதும் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாகத் துடையுங்கள். மெட்டி அணிபவர்கள் அதை நகர்த்தி அடியிலும் துடைக்க வேண்டும். ஈரம் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் இல்லை. மஞ்சளும் மருதாணியும் அரைத்துப் பூசுவது கிராமத்து வழக்கம். ஆரம்பத்தில் அது அரிப்பைக் குறைக்கலாம். பூஞ்சை ஊன்றிவிட்டால் குளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின் களிம்பு தேவைப்படும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன நாள்வரை பூசுங்கள். மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை வாங்கிப் பூசுவதுதான் இன்று பெரிய ஆபத்து. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்குச் சேற்றுப்புண் அற்ப விஷயம் இல்லை. அந்த விரலிடுக்கு வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழைந்து, திடீர்க் குளிர்காய்ச்சலும் கால் சிவந்து வீங்குவதும் வருகின்றன. ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, மடிப்புகளை உலர்த்தி, காலை உயர்த்தி வைப்பது அவர்களுக்கு மாத்திரைக்குச் சமம்.

நனைந்த ஷூவை வெயில் இல்லாத நாளில் உலர்த்த, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றுங்கள்.

நகமும் பெருவிரல் எலும்பும்

கால் நகத்தை நேராக வெட்டுங்கள். விரலின் வளைவுக்கேற்ப ஓரத்தை உள்ளே குடைந்து வெட்டினால், வளரும்போது நகம் சதைக்குள் புகுந்து சீழ் பிடிக்கும். முன்பக்கம் குறுகிய ஷூவும் இதே வேலையைச் செய்யும்.

பெருவிரலின் அடியில் பாதத்தின் உள் ஓரத்தில் எலும்பு துருத்திக்கொண்டு, விரல் இரண்டாம் விரல் பக்கம் சாய்வது பெரும்பாலும் பரம்பரை. கூர்மூக்குக் காலணி அதை வேகப்படுத்தும். இரவில் கட்டும் பட்டைகள் எலும்பை நேராக்கும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அகலமான முன்பகுதி கொண்ட காலணி வலியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று பயந்து சிறப்பு ஷூ வாங்க ஓடாதீர்கள். சிறு குழந்தைகள் எல்லோருக்கும் பாதம் தட்டைதான். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு தோன்றினால், வலியும் இல்லை என்றால், விட்டுவிடலாம். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிய பள்ளி ஷூ வாங்கிப் பஞ்சு அடைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

சர்க்கரை நோயாளியின் கால்

இதுவரை சொன்னவை எல்லாம் வலிக்கும் கோளாறுகள். வலித்தால் நாம் கவனிப்போம். வலிக்காத கால்தான் ஆபத்தானது.

கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். கூர்ந்து கவனித்தவர், நோய் நரம்பைக் கொல்கிறது, உணர்விழந்த கைகால் அடிபட்டுத் தேய்கிறது என்று கண்டார். சூடு தெரியாது, முள் தெரியாது, இரவில் எலி கடித்தாலும் தெரியாது. அந்தக் கால்களைக் காப்பாற்ற வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரியிலும் நடந்த முயற்சிகளில் உருவானதுதான் நுண்ணறை ரப்பர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர்.) வைத்த செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கப்படும் எம்.சி.ஆர். செருப்பு அதுவே. நோய் வேறு, உணர்விழந்த கால் ஒன்றே.

உங்கள் காலில் உணர்வு இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் தெரியாவிட்டாலும் அன்றிலிருந்து வெறுங்காலோடு நடப்பது முடிந்துபோன கதை.

கோயில்தான் இங்கே சிக்கல். சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கருங்கல்லில் நடந்து, வீடு வந்த பிறகே உள்ளங்கால் கொப்பளித்திருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ. உணர்விழந்த காலோடு அதை வெறுங்காலில் சுற்றுவதை எந்தச் சாமியும் கேட்கவில்லை என்பது என் கட்சி. தரிசனத்தை அதிகாலையிலோ சூரியன் இறங்கிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள், தடித்த பருத்திக் காலுறை அணிந்து செல்லுங்கள். அதேபோல பஸ்ஸில் டிரைவர் பக்கத்து என்ஜின் மூடிமேல் கால் வைப்பது, பைக் சைலன்சர் பக்கம் காலைத் தொங்கவிடுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது எல்லாம் புண்ணுக்கு அழைப்பிதழ். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். வெடிப்புக்குச் சொன்ன ஊறவைத்தலும் இவர்களுக்கு வேண்டாம்.

தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். கண் மங்கினால் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலணி போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். சிறு கல், ஆணி முனை, சுருண்ட உள்துணி, எதுவானாலும் கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. முண்டுமுண்டாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பைப் பரிசாகக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.

கடைக்குப் போனதும்

நீங்கள் வெட்டி வைத்த தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எண்ணை நம்பாதீர்கள், ஒரு நிறுவனத்தின் எட்டு இன்னொன்றின் ஏழரை. இரண்டு காலிலும் போட்டு எழுந்து நடங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 செ.மீ. இடம் வேண்டும். போகப் போக லூசாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் கீழே வைத்துவிடுங்கள். செருப்புக் கடியோடு தொடங்கும் உறவு நல்லபடி முடிவதில்லை.

ஷூவை இரு கையால் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாதத்துக்குத் தாங்கல் கிடையாது. குதிகாலின் பின்சுவரை அழுத்தினால் அமுங்காமல் நிற்க வேண்டும். ‘ஆர்த்தோ’, ‘டாக்டர்’ என்று அச்சடித்து அடுக்கி வைத்திருக்கும் செருப்புகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அப்பளம்போல் அடிவரை அமுங்கினால் அந்த மென்மை ஒரு மாதம்கூட நிற்காது. மேலே மெத்தென்றும் அடியில் உறுதியாகவும் இருப்பதே நல்லது.

ஹவாய் செருப்பைக் குளியலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊர் சுற்ற வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு விரலிடுக்கில் வார் இல்லாத, பின்வார் உள்ள, ஒட்டும் பட்டையால் தளர்த்தி இறுக்கக்கூடிய, உள்ளே ஆணி அடிக்காத செருப்பு வேண்டும். புதியதை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, கால் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால் அந்த இடத்தில் அது கடிக்கிறது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றி அணிந்தால் வியர்வை உலர நேரம் கிடைக்கும்.

எப்போது மருத்துவரிடம்

உள்ளங்காலில் ஒரு வாரமாகியும் ஆறாத புண். நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் விடுவது. இது ரத்த ஓட்டக் குறைவின் அடையாளம், பீடி சிகரெட் பிடிப்பவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. விரல் கறுப்பது. காய்ச்சலோடு கால் சிவப்பது. சர்க்கரை நோயாளியின் ஒரு பாதம் மட்டும் வலியே இல்லாமல் வீங்கி, மறுபாதத்தைவிடச் சூடாக இருப்பது. கடைசியாகச் சொன்னதில் உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே போக வேண்டும்.

மற்றபடி, பல வாரங்களாகத் தீராத வலிக்காகப் போகும்போது, எக்ஸ்ரே உறையோடு அந்தத் தேய்ந்த செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மேசைமேல் வைக்க வேண்டாம், கீழே வைத்துக் கவிழ்த்துக் காட்டினால் போதும்.